மூன்று பேர் தைத்த முப்பத்தெட்டு விநாடி

கேட்காமலே யாராவது உதவிக்கு வந்து நின்றால் இப்போதும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. சொந்தக்காரர்கள் இதைத் திமிர் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு, இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் இருக்கும், ஒரு கம்ப்யூட்டர் எங்களுக்கு உதவி செய்ய வந்தது. அது செய்த உதவியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதில் என் கையும் இருந்தது. அதனால் கோபத்தில் பாதி என்மேலேயே வந்து விழுகிறது.

பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவர் ஆணானாலும் பெண்ணானாலும் டைலர்தான். நான் ஓவர்லாக் டைலர். டி-சர்ட்டின் உடம்புக்குக் கை ஏற்றுவது என் வேலை. எனக்கு அடுத்த மிஷினில் அதே வேலையைச் செய்தவள் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவள், என்னைவிடப் பத்து வயது சிறியவள். வந்த புதிதில் அவள் கைமடி. டைலருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு துணியை எடுத்து நீட்டுவதும், தைத்ததை இழுத்து மடித்து வைப்பதும் கைமடியின் வேலை. நாள் முழுக்க நிற்கவேண்டும். நாலு வருஷம் அப்படி நின்றாள். டீ நேரத்தில் நாங்கள் வடைக்கு ஓடும்போது அவள் காலியாக இருக்கிற மிஷினில் உட்கார்ந்து வெட்டித் துணியில் ஓட்டிப் பழகினாள். யாரும் அவளுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. ஒரு நாள் ஆள் குறைந்தபோது, "நான் தைக்கட்டுமா சார்?" என்று கேட்டு உட்கார்ந்தாள். அதன்பின் எழவில்லை.

அந்த ஸ்டூல் அவளுக்கு வெறும் ஸ்டூல் இல்லை. அவளுடைய ஐந்து வயது மகள் ஊரில் இருந்தாள். கேரளாவுக்கு வேலைக்கென்று போன புருஷன் போனவன்தான். ஏழு பெண்கள் வரிசையாகப் படுக்கிற ரூமில் பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது? டைலர் ஆனதும் முதல் வேலையாகத் தனி ரூம் ஒன்றைப் பேசிவிட்டாள். ஜூன் மாதம் மகளைக் கூட்டி வந்து ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். டைலர் வேலை இருந்தால்தான் ரூம், ரூம் இருந்தால்தான் பிள்ளை. இதை அவள் என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். ஸ்கூல் யூனிபார்ம் என்ன கலர் என்பதுவரை எனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஒவ்வொரு மிஷினிலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். அதன் தலையில் ஒரு விளக்கு, முகத்தில் நாலு பட்டன். மிஷின் ரிப்பேர், ஊசி நூல், துணி வரவில்லை, செக்கிங் ஆள் வேண்டும், இந்த நாலுக்கு நாலு பட்டன். துணிக்கட்டோடு வருகிற கார்டை எடுக்கும்போது ஒரு தடவை, முடிக்கும்போது ஒரு தடவை பெட்டியில் தேய்க்க வேண்டும். லைன் முனையில் பெரிய டிவி. அதில் எங்கள் மிஷின் நம்பர்கள் கட்டம் கட்டமாகப் பச்சை, மஞ்சள், சிவப்பில் தெரியும்.

இதைக் கொண்டு வந்தவர் சென்னைக்காரர், லேப்டாப்போடு வந்த நல்ல மாதிரியான இளைஞர். எங்களை நிற்க வைத்து விளக்கினார். "இது உங்களைக் கண்காணிக்கிறதுக்கு இல்ல மேடம். ஊசி ஓடுறத வச்சு, கார்டு தேய்க்கிறத வச்சு, நீங்க வேலையில எந்த இடத்துல இருக்கீங்க, எங்க சிக்கிட்டீங்கன்னு இதுவே ஊகிச்சுக்கும். நீங்க வாயைத் தொறந்து கேக்கவே வேணாம், உதவி தானா வரும். இதுக்கு சாஃப்ட்வேர் ஏஜென்ட்டுன்னு பேரு."

ஏஜென்ட் என்றதும் பின்வரிசையில் சிரிப்பு. தெற்கிலிருந்து வண்டி வைத்துப் பெண்களைக் கூட்டி வருகிறவரும் எங்களுக்கு ஏஜென்ட்தான், அவர் செய்கிற உதவியும் தெரியும். சென்னைக்காரர் நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று புரியாமல் தானும் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை, நம்பினேன். அதுதான் இப்போது எரிச்சலாக இருக்கிறது. நூல் அறுந்து அரை மணி நேரம் மெக்கானிக்குக்காகக் கத்தித் தொண்டை கட்டியவள் நான். கத்தாமலே ஒருத்தர் வருவார் என்றால் கசக்குமா?

அந்தப் பெட்டிக்கு முதலில் ஒன்று தெரிய வேண்டும்: ஒரு உருப்படிக்குக் கை ஏற்ற எத்தனை விநாடி ஆகும்? அதைத் தெரிந்துகொண்டால்தான் யார் தேங்கி நிற்கிறார் என்று அது ஊகிக்கும். அதற்காக ஒரு டைலரை உட்கார வைத்து நேரம் எடுப்பதாகச் சொன்னார்கள். லைனில் கை வேகமானவள் என்று என்னைக் காட்டிவிட்டார்கள்.

இங்கேதான் நாங்கள் கெட்டோம். வெளியாள் வந்து பார்க்கிறார் என்றால் எங்கள் ஊர்க் கம்பெனிகளுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அது ஆடிட். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்பிய ஆள் வருகிறார் என்றால் முதல் நாளே கூட்டிப் பெருக்குவோம். பூட்டிக் கிடந்த பின்வாசல் திறக்கும். காலி மருந்துப் பெட்டியில் பஞ்சும் டிங்சரும் வந்து உட்காரும். வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் மூக்கில் மாஸ்க் ஏறும். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம். வந்தவர் போனதும் எல்லாம் பழைய குருடி கதவைத் திறடி. இது ஏமாற்று என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. வீட்டுக்கு ஆள் வரும்போது கிழிந்த பாயையா விரிப்போம்?

லேப்டாப்காரர் நேரம் எடுக்க வருவதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். உள்ளூர்ப் பையன், மரியாதையானவர். "ஏனுங்கக்கா, நாளைக்கு நேரம் எடுக்க வர்றாங்கோ. நம்ம லைன் பேரக் காப்பாத்திப் போடோணுங்க."

"அதெல்லாம் நீங்க கவலப்படாதீங்க தம்பி" என்றேன். என்ன பெருமை எனக்கு!

காப்பாற்றினோம். புதுப் பிளேடு போட்டு, எண்ணெய் விட்டு மிஷினைத் தயார் செய்தோம். துணிக்கட்டை முன்னாலேயே பிரித்து, இடது கை வலது கை பார்த்து ஜோடி சேர்த்து அடுக்கினோம். எனக்கு ஒரு பக்கம் கைமடிப் பெண் நின்றாள். இன்னொரு பக்கம் நிற்க ஆள் வேண்டும் என்றபோது சாத்தான்குளத்துக்காரி தன் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். நான் கூப்பிடவில்லை. "நாலு வருசம் நின்ன காலுல்லாக்கா, இன்னைக்கு ஒரு நாளு உங்களுக்கு நிக்கேன்" என்றாள். அவள் நீட்ட, நான் தைக்க, அந்தப் பக்கத்துப் பெண் இழுத்து நூலை வெட்ட, தண்ணீர் மாதிரி ஓடியது வேலை. லேப்டாப்காரர் ஸ்டாப்வாட்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். என் கைக்கு நேரே ஒரு கேமராவை வைத்து வீடியோவும் எடுத்தார்.

இடையில் ஒரே ஒரு தடவை, "இவங்க ரெண்டு பேரும் எப்பவும் கூட இருப்பாங்களா?" என்று கேட்டார். சூப்பர்வைசர், "ஆமாங்க, இருப்பாங்க" என்று பணிவாகச் சொன்னார். ஆடிட்டில் எதைக் கேட்டாலும் ஆமாங்கதான். அவரும் தலையாட்டிக்கொண்டார். டைலர் பெயருக்கு அவர் லேப்டாப்பில் இடம் இருந்தது, கைமடிக்கு இடம் இல்லை. கணக்கு வந்தது: ஒரு உருப்படிக்கு முப்பத்தெட்டு விநாடி.

"சூப்பர் மேடம்" என்றார். லைனே கைதட்டியது. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் அதுதான்.

அடுத்த திங்கட்கிழமை பெட்டிகள் உயிர் பெற்றன. கை ஏற்றுகிற மிஷின்கள் அத்தனையும் பத்து மணிக்குள் சிவப்பு. நாலைந்து மிஷினுக்கு ஒரு கைமடிதான். தனியாக உட்கார்ந்து, தானே பிரித்து, தானே ஜோடி பார்த்து, தானே வெட்டி வைக்கிற ஒருத்திக்கு முப்பத்தெட்டு விநாடி எப்படிப் போதும்? நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். தண்ணீர் குடிக்காவிட்டால் பாத்ரூம் போக வேண்டாம். அப்படித் தைத்து என் விளக்கை மஞ்சளில் நிறுத்தி வைத்தேன். பக்கத்து விளக்கு மஞ்சளுக்கு வந்ததே இல்லை. அவள் துணியைப் பிரித்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஓட்டை இருக்கிறதா, சாயம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊசிக்குக் கீழே வைப்பாள். நல்ல டைலர் செய்கிற வேலை அது. ஊசி ஓடாத அந்த நேரத்தை அவள் சிக்கிக்கொண்ட நேரம் என்று பெட்டி ஊகித்தது. ஊகமாம்! பார்க்கக் கண் இல்லாததற்கு ஊகம் ஒரு கேடு.

சிவப்பு வந்தால் உதவி வரும் என்றார்களே, வந்தது. முதல் வாரம், சூப்பர்வைசர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அது ஒரு உதவி. பாவம், அவருக்கே கூச்சமாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டாம் வாரம், பின்தங்குகிறவர்களுக்குப் பயிற்சி என்று சாப்பாட்டு ஹாலில் டிவி போட்டார்கள். அரை மணி நேரம் வீடியோ. அவளையும் இன்னும் நாலு பேரையும் அழைத்துப் போனார்கள்.

திரும்பி வந்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள்.

"என்ன அம்மிணி, படம் அவ்வளவு சிரிப்பாவா இருந்துச்சு?"

"அக்கா, அது உங்க கைக்கா. நீங்க அன்னைக்கித் தச்சதத்தான் போடுதாவ. இப்படித் தைக்கணும், வேகத்தப் பாத்துக்கோங்கன்னு சொல்லுதாவ."

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவள் விடவில்லை. தன் வலது கையை நீட்டிக் காட்டினாள். பெருவிரலுக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்பு. "ஓரத்துல துணிய நீட்டுத கை ஒண்ணு வந்து வந்து போவுது. அதுல இந்தத் தழும்பு தெரியுதுக்கா. அது என் கைல்லா! என் கையக் காட்டியே என்னைய மெதுவுன்னு சொல்லுதாவக்கா."

பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டையில் இருந்த நூலைப் பிடித்து இழுத்து அறுத்தேன். யாரைத் திட்டுவது? வீடியோவில் எங்கள் முகம் இல்லை. ஆளை வெட்டி எறிந்துவிட்டுக் கையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் வாரம் ஒரு பேப்பர் வந்தது. தொடர்ந்து சிவப்பில் இருக்கிறவர்களுக்கு அவரவர் திறமைக்கு ஏற்ற வேலை தரும்படி சாஃப்ட்வேர் சிபாரிசு செய்கிறதாம். அவள் திறமைக்கு ஏற்ற வேலை கைமடியாம். மாதம் மார்ச். பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஜூனுக்குள்ள திரும்ப மிஷின் குடுப்பாவளாக்கா?"

அன்று மத்தியானம் சாப்பிடாமல் மேனேஜர் ரூமுக்குப் போனேன். அவர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான், நல்லது கெட்டதுக்கு வீட்டுக்கு வந்தவர்.

"சார், அந்த முப்பத்தெட்டு விநாடி பொய்யிங்க" என்றேன். "எனக்கு ரெண்டு பக்கமும் ஆள் நின்னாங்க. மூணு பேரு சேர்ந்து தெச்சதுங்க அது. அதுல ஒருத்தி இப்ப நீங்க எறக்கி விட்ட புள்ளைங்க."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அன்னிக்கு ஏமாத்துனீங்களா, அக்கா?"

"ஆடிட்டுக்கு மாஸ்க் போடச் சொன்னீங்களே சார், அது என்னங்க? அதேதானுங்க இதுவும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூட எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். "நேரம் எடுத்த லட்சணம் எனக்கும் தெரியுங்கக்கா. ஆனா அந்த நேரத்த வெச்சுத்தான் ஆர்டர் புடிச்சிருக்குது. இப்பப் போயி அத மாத்தச் சொன்னா முதலாளி என்னைய மாத்திப் போடுவாரு. ஒண்ணு பண்ணலாம். அந்தச் சென்னைத் தம்பி அடுத்த வாரம் வருவாப்ல, அவருகிட்டயே சொல்லிப் பாருங்க."

வந்தார். சொன்னேன். இதையும் சொல்லத்தான் வேண்டும், அந்தப் பிள்ளை முகம் கொடுத்துக் கேட்டார். "அப்படியா மேடம்? நீங்க டென்ஷன் ஆகாதீங்க. தனியா ஒரு தடவ தைங்க, திரும்ப எடுத்துடலாம்" என்று ஸ்டாப்வாட்சை எடுத்தார். பக்கத்தில் யாரையும் நிற்க விடவில்லை நான். எப்போதும் தைக்கிற மாதிரி பிரித்து, ஜோடி பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து, தைத்து, வெட்டி அடுக்கினேன். ஐம்பத்தைந்து விநாடி வந்தது.

"பாத்தீங்களா தம்பி? இதுதானுங்க நெசம்" என்றேன். இத்தனை நாளில் முதல் முறையாக மூச்சு விட்டேன். அவளும் தூரத்தில் துணி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை காட்டினேன். ஜூனுக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தக் கை காட்டலுக்கு அர்த்தம். என்னை என்ன செய்தால் தகும்?

அவர் ஐம்பத்தைந்தைப் பதிந்தார். ஆனால் எங்கே பதிந்தார் என்பது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. வேலைக்கு ஆகிற நேரம் எல்லா யூனிட்டுக்கும் பொதுவானதாம். மேலிடத்தில் பூட்டி வைத்தது, அதை இங்கிருந்து மாற்ற முடியாதாம். அதனால் ஐம்பத்தைந்து என் பெயருக்கு நேரே போய் உட்கார்ந்துவிட்டது. முப்பத்தெட்டில் தைத்தவள் ஐம்பத்தைந்துக்கு வந்துவிட்டாள். பெட்டி யோசித்திருக்கிறது. இவளுக்கு வயதாகிறது, கை தளர்கிறது, இவளுக்கு உதவி தேவை என்று ஊகித்திருக்கிறது. பழைய பதிவுகளைப் புரட்டி, கை ஏற்றத் தெரிந்த கைமடி யார் என்றுகூடக் கண்டுபிடித்திருக்கிறது. நியாயம் கேட்டு நான் கொண்டுபோன உண்மையைப் பொய்யாக்கி, பொய்யை உண்மையாக்கித் தந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது இருக்கட்டும், கூட ஒருத்தியையும் சேர்த்துக் கெடுத்தேன்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் ஒரு கைமடியை அழைத்துக்கொண்டு என் மிஷினுக்கு வந்தார். "அக்கா, உங்களுக்கு உதவிக்கு ஆள் போடச் சொல்லி வந்திருக்குதுங்க."

தழும்பு விழுந்த அந்தக் கையைப் பார்த்ததும் நான் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அவள் என் இடது பக்கம் வந்து நின்றாள். அவளுடைய மிஷினில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்து சிவப்பு விளக்கைப் பார்த்து மிரண்டுகொண்டிருந்தாள்.

தைத்தோம். வேறென்ன செய்வது? என் விளக்கு பச்சை. அந்த வாரமே மேனேஜர் யாரோ விருந்தாளிகளை லைனுக்கு அழைத்து வந்து என் மிஷினுக்கு முன்னால் நிறுத்தினார். இந்தம்மா பின்தங்கியதை சாஃப்ட்வேர் தானே கண்டுபிடித்து, சரியான ஆளைத் துணைக்குக் கொடுத்து, வேகத்தை மீட்டுவிட்டது என்று லேப்டாப்காரர் ஆங்கிலத்தில் விளக்கினார். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். ஆர்டர் ஷீட் படித்துப் படித்து அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் வரும். விருந்தாளிகளில் ஒரு அம்மா அவளைப் பார்த்து, "ஹேப்பி?" என்று கேட்டார். அவள் சிரித்துத் தலையாட்டினாள். ஆடிட்டில் எதைக் கேட்டாலும் ஆமாங்கதான்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. அவர்கள் நகர்ந்ததும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். துணி ஊசிக்குக் கீழே பாதியில் நின்றது. விளக்கு மஞ்சளாகி, சிவப்பாகி, டிவியிலும் என் கட்டம் சிவந்தது. லைனில் தலைகள் திரும்பின. அவள் நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னங்கக்கா, மிஷின் ரிப்பேருங்களா? நூலுங்களா?"

"எதுவும் இல்ல. உதவி வேணும்னுதான் நிறுத்தியிருக்கேன். இவ மிஷின இவளுக்குத் திருப்பிக் குடுங்க. அதான் எனக்கு வேண்டிய உதவி."

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியின் நாலு பட்டனையும் பார்த்தார், அந்தக் கோடியில் விருந்தாளிகளோடு நின்ற மேனேஜரைப் பார்த்தார். "அதுக்கு நான் எதை அமுத்தறதுங்கக்கா?" என்றார். கேலியில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஒண்ணயும் அமுத்தாதீங்க. போயிச் சொல்லுங்க" என்று நான் சத்தம் போட வாயெடுத்தேன். அதற்குள் என் தோளில் ஒரு கை விழுந்தது. அவள்தான். குனிந்து என் காதருகே பேசினாள். கெஞ்சலாக இல்லை, கோபமாகத்தான் இருந்தது. அத்தனை நாளில் அவள் என்னிடம் கோபமாகப் பேசியது அன்று ஒருநாள்தான்.

"தையுங்கக்கா. ரூம வேண்டாம்னு நேத்தே சொல்லிட்டேன். பிள்ளைக்கும் போன்ல சொல்லியாச்சு, அடுத்த வருசம்னு. நீங்க தைக்காம நின்னா, கூட நிக்க நான்தான் சரியில்லன்னு சொல்லுவாவ. இருக்க இந்த வேலையயும் கெடுத்துராதிய."

விளக்கு சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. அவள் அடுத்த துணியை எடுத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, என் கைக்கு நேராக நீட்டினாள். நான் வாங்கித் தைத்தேன்.